முதுகில் வைத்த கை

“கண்டிப்பான சுபாவமும் கம்பீரமான தோற்றமும் உடையவர். பொதுமக்களைத் தொடுவதை முற்றாகத் தவிர்ப்பவர்.”

மன்னாரில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் காவல் நிற்கும் றோஸ்மேரியைப் பற்றி அவருடைய கம்பெனி இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது. றோஸ்மேரியோ கேற்றின் மேல் கொழுக்கியை எட்ட எம்புகிறவர். ஆளைத் தொடாமல் அவருக்கு ஒரு வசனம் பேச வராது.

நோயாளரைப் பார்க்கும் நேரம் முடிந்தபின் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. பெண்களென்றால் முதுகு, கிழவர்களென்றால் முழங்கை. கை பட்டதும், சண்டைக்கென்று வழிநெடுகச் சேர்த்து வந்த வார்த்தைகளை மறந்து திரும்பிப் போய்விடுவார்கள். இரக்கம் இவ்வளவு திறமையாகக் கதவடைத்து நான் வேறெங்கும் கண்டதில்லை. சத்தம் போடுகிறவர்களிடம் மட்டும் அவருக்குப் பயம்.

போன மாரியில் ஒரு பின்னேரம் சிலாவத்துறையிலிருந்து பரீனா வந்தாள். அவளுடைய வாப்பா மீராசாஹிபு நெஞ்சுவலியோடு உள்ளே கிடந்தார். பஸ் பிந்திவிட்டது.

“அக்கா, வாப்பாட முகத்தை மட்டும் பாத்திட்டு வாறன்.”

“அவர் இப்பதான் நித்திரை, பிள்ளை. எழுப்பக்கூடாது. காலமை வாங்கோ.”

நித்திரை என்பது றோஸ்மேரியின் கற்பனை. ஆனால் அதைச் சொன்ன கை பரீனாவின் முதுகில் இருந்தது. அவளுடைய தோள்கள் இறங்கின.

“நீங்க சொன்னாச் சரி, அக்கா.”

பஸ் வரும்வரை றோஸ்மேரி அவளோடு நின்றார். திரும்பி வந்தபோது பேசாலையிலிருந்து வந்த யோசேப் கேற்றை உலுக்கிக்கொண்டிருந்தார்.

“உம்மட வீட்டு வளவே இது? என்ர மச்சான் உள்ளுக்குக் கிடக்கிறான்.”

“கத்தாதேங்கோ அண்ணை. கெதியாப் பாத்திட்டு வாங்கோ.”

மச்சானுக்குக் காலில் சுளுக்கு.

மீராசாஹிபு விடியமுன் மௌத்தானார். சாகுமுன் அந்தப் பின்னேரம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார் என்று தாதி பிறகு சொன்னாள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றே றோஸ்மேரி சிலாவத்துறைக்குப் போனார். வாய் திறக்குமுன் பரீனா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“அண்டைக்கு உங்கட கை இல்லாட்டி நான் ரோட்டிலயே விழுந்திருப்பன், அக்கா.”

அந்தப் பிடிக்குள் எவரால் பேச முடியும்? தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார்.

கோயிலில் பாவத்தைச் சொல்லிய பாவசங்கீர்த்தனத்திலும் ஆறுதல் கிடைக்கவில்லை. “ஒழுங்குப்படிதானே நடந்தீர்” என்றாராம் பங்குச் சுவாமி. உண்மையில் பரீனாவிடம் றோஸ்மேரி மீறிய ஒழுங்கு ஒன்றே ஒன்றுதான்: தொட்டது.

இப்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். வருகிறவர்கள் ஏசுகிறார்கள், முறைப்பாடு வைக்கிறார்கள். மேற்பார்வையாளர் சந்தியோகுவுக்குப் பரம திருப்தி.

“இப்பதான் நீர் செக்கியூரிட்டி மாதிரி நிக்கிறீர். என்ன, கை நோவோ?”

“ஓம், நோகுது.”

அன்று றோஸ்மேரி செய்தது இதுதான். வாப்பா நித்திரை என்று பொய் சொல்லி, முதுகில் கைவைத்துப் பரீனாவைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். யோசேப்புக்குக் கேற்றைத் திறந்தார்.