திரி காய்ந்த நாள்

என் கணவருக்கு இடது காதில் சீழ் வடியத் தொடங்கியபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நான் வாடிப்பட்டிக்காரி. செல்லூரில் அவர்கள் வீட்டில் இரண்டு தறிகள் ஓடின. ஒன்றில் மாமனார், மற்றதில் அவர். முதலில் சளி பிடித்தது. பிறகு காதுக்குள் குத்தல். நாலாம் நாள் காலையில் தலையணையில் மஞ்சளாக ஒரு கறை. அதோடு குத்தல் நின்றது, நாற்றம் தொடங்கியது. தறிச் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது என்றார்.

பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடச் சொன்னார்கள். விட்டோம். இரண்டு நாள் அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகுதான் ஆற்றைத் தாண்டி டவுனில் இருந்த டாக்டரிடம் போனோம். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றார் அவர். பென்சிலின் என்ற பேரையே யாரும் கேள்விப்படாத காலம். ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மருந்தவிட நீங்க பாத்துக்கிறதுதாம்மா முக்கியம். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகக்கூடாது. எண்ணெய், கோழியிறகு எதையும் விட்டுறாதீங்க. காதுக்குப் பின்னாடி வீங்குச்சுன்னா அம்புட்டு வேலையையும் போட்டுட்டு வந்துருங்க."

சொன்னபடியே செய்தேன். பழைய வேட்டியைக் கிழித்து, கொதிக்கும் நீரில் போட்டெடுத்து, வெயிலில் காயவைத்து, சின்னச் சின்னத் திரிகளாகத் திரித்து வைத்துக்கொள்வேன். அவர் என் மடியில் தலைசாய்த்துப் படுப்பார். காது மடலைப் பின்னால் இழுத்துப் பிடித்துத் திரியை வாசல்வரைக்கும்தான் விடுவேன். சீழில் நனைந்ததும் எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு அடுத்தது. ஏழெட்டுத் திரி நனையும். பிறகுதான் மருந்து. மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது என்பதால் அதற்கும் பக்கத்தில் நின்றேன். அவர் துணியைத் தனியாகத் துவைத்தேன். கழுத்துக்குக் கீழேதான் குளியல். மூன்று வாரத்தில் ஏழெட்டு இரண்டாகக் குறைந்தது.

அப்போதுதான் மாமனார் இறந்தார். தறியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார்.

இவர் ஒரே மகன். பிணத்தைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால் மகன் ஆற்றில் தலைமுழுகி, ஈரவேட்டியோடு குடத்தில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். நீர்மாலை எடுப்பது என்பார்கள். அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டுத் தண்ணீர் இறங்காமலிருக்கத் தேங்காயெண்ணெயில் முக்கிப் பிழிந்த பஞ்சைக் காதில் அடைத்தேன். முழுக வேண்டாம், தோளில் ஊற்றிக்கொண்டால் போதும் என்று கெஞ்சினேன். சரி என்றுதான் போனார்.

வாசலில் மாமனாரின் அண்ணன், நாங்கள் பெரிய மாமா என்று கூப்பிடுபவர், அவரை நிறுத்தினார். கோபமெல்லாம் இல்லை. அழுது அழுது அவர் குரலே போயிருந்தது.

"ஏப்பா, பொணத்துக்குத்தான் காதுல பஞ்சு வைப்பாக. அதை எடுத்துட்டு வா."

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். பெண்கள் கூட்டத்தில் நின்றிருந்தேன். சுற்றிலும் ஒப்பாரி. நான் ஏதாவது சொல்வேன் என்று அவர் ஒரு நொடி காத்திருந்ததாகத்தான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஆற்றுக்கு நடந்தார். சுடுகாட்டில் மொட்டையடித்த பிறகு இன்னொரு முறை முழுகினார்.

மறுநாள் ஏழெட்டுத் திரி நனைந்தது. ஐந்தாம் நாள் காலை விட்ட திரி அப்படியே வெள்ளையாக வெளியே வந்தது. இன்னொன்று விட்டுப் பார்த்தேன். அதுவும் காய்ந்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில், துக்க வீடு என்பதையும் மறந்து சிரித்துவிட்டேன். அப்பாவே காப்பாற்றிவிட்டார் என்று பெரிய மாமா கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று மத்தியானமே குளிர் காய்ச்சல் வந்தது. ஏழாம் நாள் காதுக்குப் பின்னால் எலும்பு புடைத்து, காது மடல் முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றது. தொட்டால் அலறினார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவரிடம் மட்டும் சொன்னேன். கொள்ளி வைத்தவன் கருமாதி முடியாமல் வெளியே போகக்கூடாது என்று பெரியவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அவரும் அதையே சொன்னார். நான் தனியாகப் பாலத்தைத் தாண்டி டாக்டரிடம் ஓடினேன். சீழ் வடியும் வழி அடைத்துக்கொண்டு, எலும்புக்குள் போய்விட்டது, இனி மூளைக்கு ஏறினால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். ஆறின புண் என்று நான் சிரித்தது அந்த அடைப்பைப் பார்த்துத்தான்.

வீட்டுக்குத் திரும்பி எல்லோர் முன்னாலும், "நான் இவுகளக் கூட்டிட்டுப் போறேன்," என்றேன். அந்த வீட்டுப் பெரியவர்கள் முன்னால் நான் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. யாரும் தடுக்கவில்லை. பெரிய மாமாவே குதிரை வண்டி பிடித்து வந்தார். காய்ச்சல் வந்த அன்றே பேசியிருந்தாலும் தடுத்திருக்கமாட்டார்களோ என்னவோ.

பெரியாஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துக் காதுக்குப் பின்னால் எலும்பை உளியால் செதுக்கி எடுத்தார்கள். உயிர் நின்றது. அந்தக் காது போனது. முகத்தின் இடதுபக்கம் தொங்கிவிட்டது. அந்தக் கண்ணை மூட முடியாது. தூங்கும்போது நான் ஈரத்துணி போட்டு மூடுவேன். தண்ணீர் குடித்தால் வாயோரம் வழியும். அதனால் விசேஷ வீடுகளுக்குப் போவதையே விட்டார். கருமாதியைப் பெரிய மாமாதான் செய்தார். பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்.

எலும்பைச் செதுக்கிய குழி சரியாக மூடவேயில்லை. தினமும் கட்டுப் போட வேண்டியிருந்தது. ஒருநாள் கட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமல், கோணிய வாயால் மெதுவாகச் சொன்னார்:

"அன்னைக்கு நீயாவது வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

நான் கட்டைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இன்னும் ஆறு வருஷம் இருந்தார், ஒற்றைத் தறியில் நெய்துகொண்டு.