பசிக்காத பேய்கள்

பட்லர் பலவேசத்துக்கு இங்கிலீஷில் தன் பெயரை எழுதத் தெரியாது. ஆனால் பேய்க்கு மட்டும் இங்கிலீஷில் ஐந்து பெயர் சொல்வார். அறுபதுகளில் சீசன் நேரத்தில், ஐந்தருவிச் சாலையில் அவர் சமையல் பார்த்த கடைக்கு வருகிற வக்கீல்களும் வாத்தியார்களும் அதைக் கேட்பதற்காகவே இன்னொரு டீ சொல்வார்கள்.

"கோஸ்ட்டுன்னா பொதுவா எல்லாப் பேயும்" என்று ஆரம்பிப்பார். "அப்பாரிஷன் சும்மா தோணிட்டு மறைஞ்சிரும், ஒரு தொந்தரவும் கெடையாது. ஸ்பெக்டர் பயங்காட்டும். பால்டர்கைஸ்ட்டுன்னு ஒண்ணு, சட்டிபானைய உருட்டும். ஆளு சாவதுக்கு முந்தி அவரு மாதிரியே வந்து நிக்கும் பாத்துக்கிடுங்க, அது ரெய்த்." அதோடு குரல் இறங்கிவிடும். "எல்லாம் எங்க தொரை சொன்னது."

அந்த ஹார்ட்லி துரை மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்ற வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய பிறகும், குற்றாலத்துச் சாரலை விட்டுப் போக மனமில்லாமல் மனைவி துரைசாணியோடு பங்களாவிலேயே தங்கிவிட்டார். அங்கே சமையல், காவல், சந்தை எல்லாம் பலவேசம்தான். வெளியே தலைகாட்ட முடியாதபடி சாரல் பிடித்துக்கொண்ட மத்தியானங்களில், துரை பின்வராந்தாவில் சுருட்டும் கையுமாக உட்கார்ந்து, தோட்டத்துத் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேய்க்கதை சொல்வார். பலவேசம் வெங்காயம் உரித்தபடி கேட்பார்.

"அது என்ன தொரை திங்கும்?"

"ஒண்ணும் சாப்பிடாது."

பலவேசத்துக்கு அதுதான் செரிக்கவில்லை. சுடலைமாடனிலிருந்து செத்துப்போன சித்தப்பா வரை படைப்பு என்று சோறோ சுருட்டோ கேட்காத ஆள் உண்டா? பசிக்காத பேயும் ஒரு பேயா? இவ்வளவு படித்த வெள்ளைக்காரனுக்குச் செத்தவர்களைக் கவனிக்கத் தெரியவில்லையே என்று பாவமாக இருக்கும். ஆனாலும் அந்த மத்தியானங்களின் சுகம் அப்புறம் தமக்கு வாய்க்கவே இல்லை என்பார்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆடியில் துரை மாரடைப்பில் போய்விட்டார். எட்டாம் நாளிலிருந்து, தினமும் நாலு மணிக்கு, பலவேசம் பின்வராந்தா நாற்காலிக்கு முன்னால் ஒரு கோப்பை டீயை வைத்து, ஒரு சுருட்டையும் பற்றவைத்து வைத்துக் கும்பிடுவார். அரைமணி கழித்து எடுத்துக் கழுவிவிடுவார். யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. வீட்டுப் பெரியவர் போனால் செய்கிற காரியம், இதில் சொல்ல என்ன இருக்கிறது?

துரைசாணியோ முன்னறையில் படுத்த படுக்கை. இவர் நெஞ்சு இன்னொரு சாரலைத் தாங்காது, சீமைக்கே போய்விடட்டும் என்று தென்காசி டாக்டர் சொல்லியிருந்தார். மகளும் அங்கிருந்து கப்பல் சீட்டு அனுப்பியிருந்தாள்.

ஒருநாள் துரைசாணி கேட்டார். "பலவேசம், நாலு மணிக்குச் சுருட்டு வாசம் வருது. துரை வர்றாரா?"

பலவேசம் யோசிக்கவே இல்லை. "ஆமாம்மா, தினமும் வருதாரு."

மறுநாள் துரைசாணி ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து, தபாலில் போடச் சொன்னார். "மகளுக்கு. நான் வரலேன்னு எழுதிட்டேன். அவர் இங்கே இருக்கார், தனியா விட்டுட்டு எப்படிப் போறது?"

பலவேசத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் மனைவி குருவம்மாளிடம் சொன்னார். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

"அது கெடக்கட்டும். நீங்க படைப்பு வைக்கது அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா இருக்கும்?"

"வெள்ளக்காரப் பேய் ஒண்ணுந் திங்காதுன்னு நீங்கதான சொன்னிய? அப்போ படைப்பப் பத்தி அந்தம்மா எதைக் கண்டாவ? தொரையே வந்து சுருட்டு குடிக்காருன்னுல்லா நெனச்சிருப்பாவ! ஊருக்கெல்லாம் பேய்ப்பாடம் எடுக்கிய, இது தெரியலையாக்கும்."

பலவேசம் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். கடிதம் இன்னும் அதில்தான் இருந்தது. அதைப் போட்டுவிட்டால் பங்களா தப்பும், வேலை தப்பும். துரைசாணி தப்பமாட்டார். இரண்டு நாள் சோறு இறங்காமல் அதைச் சுமந்துகொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் கட்டிலருகே போய்க் கடிதத்தை வைத்தார்.

"அம்மா, சுருட்டப் பத்த வைக்கது நாந்தான். டீயும் வைப்பேன். எங்கள்ல செத்தவங்களுக்கு அப்படித்தான் வைக்கது. நான் தொரையக் கண்ணால கண்டதில்லம்மா."

துரைசாணி கடிதத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டினாலும் தேவலை என்றிருந்தது பலவேசத்துக்கு.

"தினமுமா வைக்கிறே?"

"ஒருநாள் விடலம்மா."

"நான் போயிட்டா?"

"நான் இருக்க மட்டும் வைப்பேன்."

துரைசாணி கடிதத்தைத் தன் கையாலேயே இரண்டாகக் கிழித்தார். பிறகு, "டீக்குச் சீனி எவ்வளவு போடறே?" என்றார்.

"ஒரு கரண்டி. டாக்டர் சொன்னாருன்னு நீங்கதானம்மா கொறச்சிய."

"இனிமே ரெண்டு போடு. அவரை ஒண்ணும் செய்யாது."

துரையை அடக்கம் செய்த அன்றுகூட அழாத மனுஷி, அதைச் சொல்லிவிட்டு அழுதார். பலவேசமும் நின்றபடியே அழுதார்.

அடுத்த வாரம் துரைசாணியைச் செங்கோட்டையில் ரயிலேற்றிவிட்டார்கள். பங்களா கைமாறிய பிறகு பலவேசம் நாலுமணி டீயைத் தூக்குச்சட்டியில் கல்லறைத் தோட்டத்துக்கே கொண்டுபோனார். மழை, வெயில் என்று பார்த்ததில்லை.