சோஹ்னா சாலையில் ஜலஜா

அந்த சைக்கிளை வாங்கியது ஜலஜாவின் கணவர் சேஷு. ரயில்வே போர்டில் வேலை பார்த்த அவருக்கு, நாற்பத்தைந்து வயதில் திடீரென்று தொப்பையைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. வாங்குவதுதான் வாங்குகிறோம், நல்லதாக வாங்குவோம் என்று, ஹேண்டில்பார் கீழ்நோக்கி வளைந்த, மட்கார்டு இல்லாத, முட்ட வரும் கிடா மாதிரி தலையைக் குனிந்து நிற்கும் ஒரு பந்தய சைக்கிளோடு வீடு வந்து சேர்ந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் ஏறி இந்தியா கேட் போனார். திரும்பி வந்தது ஆட்டோரிக்‌ஷாவில். சைக்கிளின் முன்சக்கரம் ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சேஷு உள்ளே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது மனுஷா ஓட்டற வண்டி இல்லை" என்று சொல்லிவிட்டு, அவர் தன் பழைய கறுப்பு சைக்கிளுக்கே திரும்பிப் போனார். அதில்தான் மார்க்கெட்டுக்குப் போய் கறிகாய் வாங்கி வருவார். பந்தய சைக்கிள் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸின் பின் வராந்தாவில் துண்டு உலர்த்தும் கொடியாயிற்று.

எழுபதுகளின் கடைசி அப்போது. ஜலஜாவுக்கு முப்பத்தொன்பது வயது. சாஸ்திரி பவனில் அசிஸ்டென்ட். கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து டெல்லி வந்தவள், பரீட்சை எழுதி வேலைக்குப் போய், கூட்டத்தில் முழங்கையை எப்படி வைத்துக்கொண்டால் பஸ்ஸில் ஏறலாம் என்பதையும் கற்றுக்கொண்டுவிட்டாள். சைக்கிள் மட்டும் தெரியாது. அண்ணன்மார்கள் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு தெருவைச் சுற்றியபோது இவள் வாசலில் நின்று பார்த்ததோடு சரி.

வாரம் ஒருமுறை அந்த சைக்கிளைத் துடைப்பது அவள் வேலை. ஒரு நாள் துடைக்கும்போது, பின்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கி, பெடலைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டாள். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடிகாரம் ஓடுகிற மாதிரி மெல்லிய ஒரு டிக்டிக் சத்தம் வந்தது. ஜலஜா துணியைக் கீழே போட்டுவிட்டு, சக்கரம் நிற்கும் வரை பார்த்தாள். நின்றதும் மறுபடி சுற்றிவிட்டாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, தனக்கு சைக்கிள் கற்றுத்தர முடியுமா என்று சேஷுவிடம் கேட்டாள். அவர் ரசத்தைக் குடித்து முடித்தார். பிறகு, "விழுந்தா என்னைத் திட்டப்படாது" என்றார். அவ்வளவுதான். இதற்கு இத்தனை வருஷம் கேட்காமல் இருந்தோமே என்று ஜலஜாவுக்குத் தோன்றியது.

புடவையோடு அந்த சைக்கிளில் ஏற முடியாது; நடுவில் குறுக்குக் கம்பி. காலேஜில் படித்துக்கொண்டிருந்த மகள் விசாலாக்ஷியின் சல்வார் கமீஸ் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் போட்ட முதல் சல்வார் அதுதான். கண்ணாடியில் பார்த்தபோது யாரோ பஞ்சாபிக்காரி வழி தவறி வந்து நிற்பதுபோல் இருந்தது. விசாலாக்ஷி அரைத் தூக்கத்தில் எட்டிப் பார்த்து, "அச்சா லக்தா ஹை, அம்மா" என்று, நன்றாக இருப்பதாக இந்தியில் சொல்லிவிட்டு மறுபடி போர்த்திக்கொண்டாள்.

அக்டோபர் மாதம், விடிந்தும் விடியாத நேரம். மந்திர் மார்க்கின் பின்னால் ஒரு வெறிச்சோடிய சந்து. சேஷு சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். முதல் வாரம் முழுவதும் அவர்தான் ஓடினார், சைக்கிள் ஓடவில்லை என்று சொல்ல வேண்டும். ஜலஜா முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதைப் பார்த்தாளோ அதன்மேலேயே போய் விழுந்தாள். தூரத்தில் பார்க்கவேண்டும் என்று சேஷு தொண்டை கிழியக் கத்தினார். ஒரு காலை, அவர் குரல் ரொம்பப் பின்னாலிருந்து கேட்டது. திரும்பிப் பார்க்காமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. சந்து முனை வரை தானாகவே போனாள். எப்படி நிறுத்துவது என்று அதுவரை யாரும் சொல்லித்தரவில்லையாதலால், ஒரு வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பிரேக் பிடிக்கத் தெரிந்துகொண்டது இன்னும் மோசமான முறையில். ஒரு நாள் தைரியமாகப் பெரிய ரோட்டுக்கு வந்தவள், குறுக்கே நாய் வரவே முன் பிரேக்கை முழு பலத்தோடு அழுத்திவிட்டாள். பின்சக்கரம் எழும்பியது. அவள் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய், பால் பூத்தின் வரிசைக்கு நேர் எதிரில் விழுந்தாள். காலி பாட்டில்களோடு நின்றிருந்த குவார்ட்டர்ஸ் மாமிகள் அத்தனை பேரும் பார்த்தார்கள். சல்வார், சைக்கிள், சிராய்ப்பு எல்லாம் ஒரே நேரத்தில் ஊருக்குத் தெரிந்து போயிற்று.

முதலில் வந்து தூக்கிவிட்டது மாடி வீட்டு விஜயலக்ஷ்மி மாமி. மடி ஆசாரம் எல்லாம் பார்ப்பவள். என்ன சொல்லப் போகிறாளோ என்று ஜலஜா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மாமி அவள் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, இனிமேல் கரோல் பாக் பக்கம் போவாயா என்று கேட்டாள். போனால் வாழைப்பூ வாங்கி வர வேண்டுமாம். பஸ்ஸில் கொண்டுவந்தால் நசுங்கிப் போகிறதாம்.

இப்படித்தான் ஜலஜாவுக்கு ஷங்கர் ரோடு ஏற்றம் அறிமுகமாயிற்று. ரிட்ஜ் காட்டைக் கடந்து கரோல் பாக் பக்கம் போகிற ரோடு அது. பஸ்ஸில் போகும்போது அது மேடு என்றே தெரியாது. சைக்கிளில் போனபோது பாதி வழியில் மூச்சு வாங்கி, இறங்கித் தள்ளிக்கொண்டு போனாள். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் மேலே போய் இறங்கினாள். சல்வார் கால் செயினில் மாட்டிக்கொள்ளாமலிருக்க, விசாலாக்ஷியின் தலை ரிப்பனால் கணுக்காலில் கட்டிக்கொண்டாள். நவம்பரில் ஒரு நாள் இறங்காமலே உச்சிக்குப் போய்விட்டாள். அங்கே கைதட்ட யாரும் இல்லை. ஒரு லங்கூர் குரங்கு மட்டும் உட்கார்ந்திருந்தது. அதனிடமே சிரித்துவிட்டு, மறுபக்கம் கால் அசைக்காமல் இறங்கினாள். காற்று காதில் ஊதியது. அந்த டிக்டிக் சத்தம் கீழே வரும் வரை கூடவே வந்தது.

அந்த இறக்கத்தின் கீழேதான் குர்பச்சன் சிங்கைச் சந்தித்தாள். கனாட் பிளேஸில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு நெடுந்தூரம் சைக்கிளில் போகிறவர். வழியில் நிறுத்தி, "பெஹன்ஜி, முட்டி வலிக்கிறதா?" என்று இந்தியில் கேட்டார். வலிக்கத்தான் செய்தது. சீட் தாழ்வாக இருக்கிறது என்று சொல்லி, பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து அங்கேயே உயர்த்திவிட்டார். பெடல் கீழே போகும்போது கால் ஏறக்குறைய நேராக வேண்டுமாம். ஏறிப் பார்த்தாள். வேறு யாருடைய கால்களோ தனக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் பிறகு மாறிப் போயின. குதுப் மினார், சூரஜ்குண்ட் என்று தூரம் கூடியது. அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் பெண், எப்போதும் கடைசி. எதிர்க்காற்றில் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் பாதி பாரம் குறையும் என்பதைக் கற்றுக்கொண்டாள். பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டாள். ஆபீசில் ஃபைலைப் புரட்டும்போது நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பார்த்துத் தனக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டாள்.

பிப்ரவரியில் சோஹ்னா போவது என்று முடிவாயிற்று. குர்காவ் தாண்டி, ஹரியானாவில், வெந்நீர் ஊற்று இருக்கும் ஊர். அன்று ஏகாதசி. ஜலஜா ஏகாதசியன்று காலைக் காபியோடு சரி; மத்தியானத்துக்கு மேல் பாலும் பழமும், அவ்வளவுதான். பட்டினி அவளுக்குப் புதிதில்லை. ஆபீசில் நாள் முழுக்க டைப் அடித்திருக்கிறாள். அதே மாதிரி இதுவும் என்று நினைத்து, ஒரு டம்ளர் காபியோடு, சேஷு எழுந்திருக்கும் முன்பே கிளம்பிவிட்டாள்.

குர்காவ் வரை ஆனந்தமாகப் போனாள். பனி விலகி, இரண்டு பக்கமும் கடுகு மஞ்சளாகப் பூத்திருந்தது. அதற்கப்புறம் ஏதோ ஆயிற்று. முதலில் பேச்சு நின்றது. பிறகு காற்று வீசாமலே எதிர்க்காற்று அடிப்பதுபோல் இருந்தது. டயரில் காற்றுப் போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தாள், போகவில்லை. கை நடுங்கியது. கண்ணுக்கு முன்னால் மஞ்சள் வயல் மேலும் கீழும் ஆடியது. ரோட்டோரம் ஒரு கிணற்றருகே சைக்கிளோடு அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். காரணமே இல்லாமல் அழுகை வந்தது.

மற்றவர்கள் முன்னால் போய்விட்டிருந்தார்கள். குர்பச்சன் சிங் எப்போதும் கடைசி ஆளோடு வருகிறவர். இறங்கி வந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"பெஹன்ஜி, குச் காயா?"

எதுவும் சாப்பிடவில்லை, விரதம் என்றாள் ஜலஜா. அவர் தலைப்பாகையோடு சேர்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பெட்ரோல் இல்லாமல் மோட்டார் ஓடுமா என்று கேட்டார். கிணற்றில் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்த கிராமத்துப் பெண் ஒருத்தி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் துணி முடிச்சை அவிழ்த்து, ஒரு கம்பு ரொட்டியையும், கையளவு வெல்லக் கட்டி ஒன்றையும் நீட்டினாள்.

ஜலஜா ரொட்டியைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஏகாதசி தவறியதில்லை. பெருமாளே, அடுத்த ஏகாதசிக்குச் சேர்த்து இருந்துவிடுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வெல்லத்தைக் கடித்தாள். இரண்டாவது கடியில் அழுகை நின்றது. ரொட்டி முடிவதற்குள் சிரிப்பு வந்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். சிரித்துவிட்டு, இவ்வளவு தூரம் உன்னை யார் துரத்துகிறார்கள் என்று கேட்டாள்.

சோஹ்னாவின் கடைசி மேட்டை ஏறி, ஊருக்குள் நுழைந்தபோது, மற்றவர்கள் வெந்நீரில் குளித்து முடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில், குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக, மடியில் ஃபிளாஸ்க்கோடு சேஷு உட்கார்ந்திருந்தார்.

அவள் கிளம்பிப் போன பிறகு பஞ்சாங்கத்தைப் பார்த்திருக்கிறார். ஏகாதசி என்று தெரிந்ததும் பாலைக் காய்ச்சி ஃபிளாஸ்க்கில் ஊற்றி, ஒரு பை ஆரஞ்சோடு ஹரியானா பஸ் பிடித்து வந்துவிட்டார். வழியில் எங்கேயாவது விழுந்து கிடப்பாள், சைக்கிளை பஸ் மேல் போட்டு அழைத்துப் போய்விடலாம் என்று எண்ணம். கிணற்றடியைத் தாண்டும்போது அவர் மறுபக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தாராம்.

"ஒரு வாய் சாப்பிடாம இப்படி வரலாமா?" என்றார்.

"சாப்பிட்டுட்டேனே. கம்பு ரொட்டி."

சேஷு அவளையே பார்த்தார். "ஏகாதசியிலயா?"

"ஆமாம். இன்னும் ஒண்ணு கெடைச்சாலும் சாப்பிடுவேன்."

சேஷுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாலையும் குடிக்க வைத்தார். பிறகு கண்டக்டரிடம் போய், சைக்கிளை மேலே ஏற்ற வேண்டும் என்று பேசி முடித்துவிட்டு வந்தார். ஜலஜா பஸ்ஸைப் பார்த்தாள். பின்னால் ஏணி, மேலே மூட்டைகள். தன் கால்களையும் பார்த்தாள். வலித்தன, ஆனால் நடுங்கவில்லை.

"நீங்க பஸ்ஸில வாங்கோ. நான் இதிலயே வரேன்."

சேஷு வாதாடவில்லை. ஆரஞ்சுப் பையோடு ஏறி, இந்த முறை ரோட்டுப் பக்க ஜன்னலாகப் பார்த்து உட்கார்ந்தார்.

அந்த பஸ் ஒவ்வொரு கிராமத்திலும் நிற்கும் பஸ். புகையைக் கக்கிக்கொண்டு ஜலஜாவைத் தாண்டிப் போகும். அடுத்த ஊரில் ஆட்டுக்குட்டியும் மூட்டையும் ஏறி இறங்கும்போது, ஜலஜா மணியடித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போவாள். முதல் தடவை தாண்டியபோது சேஷு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, உரித்த ஆரஞ்சுச் சுளைகளைக் கொடுத்தார். அடுத்த தடவை பஸ்ஸே இரண்டு கட்சியாகியிருந்தது. சைக்கிள் பீபீஜிதான் முதலில் வருவார் என்று ஒரு கூட்டம். டிரைவர் கட்சி இன்னொன்று. ஒரு கிழவர் தன் பங்குக்கு ஒரு முள்ளங்கியை நீட்டினார். குர்பச்சன் சிங் பின்னால் சிரித்துக்கொண்டே வந்தார். குர்காவ் எல்லையில், ரயில்வே கேட் மூடியிருந்த புண்ணியத்தில், ஜலஜா ஓரமாக நுழைந்து பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளேயிருந்து எழுந்த கூச்சலில் சேஷுவின் குரலைத் தனியாக அடையாளம் கண்டுகொண்டாள். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை.

மறுநாள் ஆபீசில் மாடிப்படி இறங்குவது பெரும்பாடாக இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினாள். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கெல்லாம் சோஹ்னா போய் வந்ததைச் சொன்னாள். பாதிப் பேர் நம்பவில்லை. நம்பியவர்களில் இரண்டு பெண்கள் மத்தியானம் டிபன் டப்பாவோடு அவள் மேஜைக்கு வந்து, சாய்ந்து விழாமல் முதலில் எப்படி நகர்வது என்று விசாரித்தார்கள்.

அடுத்த சில வருஷங்களில் ஜலஜா மதுரா வரையும், ஒரு முறை ஆக்ரா வரையும் போனாள். ஆக்ரா போன தடவை சேஷுவும் தன் கறுப்பு சைக்கிளில் புறப்பட்டார். பல்வல் வரை முதுகு வலியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அங்கே டாபாவில் இரண்டு பரோட்டா உள்ளே போனதும் பேச்சு குறைந்தது. மதுராவில் ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் வெயில் ஏறுவதற்குள் இருவரும் ஆக்ராவில் யமுனைப் பாலத்தின் மேல் நின்றார்கள். சேஷு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இங்கிருந்து குவாலியர் எவ்வளவு தூரம் இருக்கும் என்று கேட்டார்.