கர்னாக் சுவரில் இல்லாத ஊர்

கைபேசி கைமாறிக்கொண்டே இருந்தது. காமினி ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் போய் நின்று, எகிப்தின் கர்னாக் கோயில் சுவரில் தான் எடுத்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினாள்.

"இங்க பாருங்கலா. கையெல்லாம் பின்னால கட்டிப் போட்டிருக்கு. ஒவ்வொருத்தன் நெஞ்சுக்குக் கீழயும் ஒரு ஊரு பேரு. எல்லாம் சீஷாக் ராஜா அடிச்ச ஊருங்க. இந்த ஓரத்துல இருக்கே, அதான் எருசலேம். கைட் சொன்னாரு."

"நம்ம எருசலேமா!" லோரி ஓட்டி ஓய்ந்த குணாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "தொட்டுப் பாத்தியா தங்கச்சி?"

"தொட விடமாட்டாங்கண்ணே."

ஜெலுத்தோங்கில் ஒரு சிறிய தேவாலயத்தின் பின்னறையில், சனிக்கிழமை நாலு மணி வேதபாட வகுப்பு அது. பதினோரு வருஷமாக அதை நடத்துகிறவள் புஷ்பவள்ளி. இன்று அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கைபேசிகூட அவள் பக்கம் இன்னும் வரவில்லை. ரப்பர் பட்டை போட்டுச் சுருட்டிய அட்டவணை அவள் மடியில் கிடந்தது.

காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டி அவள் செய்தது. இடப்பக்கம் வேதத்தில் வரும் ராஜாக்கள், வலப்பக்கம் எகிப்தின் கல்வெட்டுகளில் இருக்கும் ராஜாக்கள். யோசேப்பின் பார்வோனுக்கும் மோசேயின் பார்வோனுக்கும் வேதம் பெயர் சொல்லவில்லை. ராம்சேஸ் என்று போடச் சொல்லிப் பலர் நச்சரித்தும் அந்தக் கட்டங்களைக் காலியாகவே விட்டிருந்தாள். பெயரோடு வரும் முதல் ஆள் சீஷாக். சாலொமோனின் மகன் காலத்தில் எருசலேமுக்கு வந்து பொன் கேடயங்களை அள்ளிப் போனவன். எதிர்க் கட்டத்தில் கல்வெட்டில் அவனுக்குள்ள பெயர் ஷெஷோங்க், அவன் அடித்த ஊர்களைச் செதுக்கிய கர்னாக் சுவர்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருஷம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து மின்னணுச் சில்லுகளில் கீறல் தேடியவள் அவள். கீறல் இருந்தால் ஒதுக்கு. சந்தேகமாக இருந்தால் தனித் தட்டில் வை, தீர்ப்புச் சொல்லாதே. அட்டவணையும் அப்படித்தான் வளர்ந்தது. அவள் பாஸ்போர்ட்டில் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஹாட்யாய் ஊர் முத்திரை ஒன்றுதான் உண்டு. காமினிக்குப் பத்து காவான் என்ற ஊரில் அலுவலகம். புஷ்பவள்ளியின் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அதே நிலத்தில் குளிர்சாதன அறை. எட்டு நாள் எகிப்து போய் வந்துவிட்டாள்.

எட்டு நாள். புஷ்பவள்ளிக்கு வயிறு எரிந்தது. வெயிலில் தோல் உரிந்திருந்த காமினியின் மூக்கைக்கூட அவளால் பொறுக்க முடியவில்லை.

கடைசியில் கைபேசி அவள் கைக்கு வந்தது. நூலகத்திலும் இணையத்திலும் பெயர் பெயராகப் பார்த்த சுவர்.

"இது எருசலேம் இல்ல."

காமினி குனிந்து படத்தைப் பார்த்தாள்.

"கைட் சொன்னாருக்கா..."

"கைட் டிப்ஸுக்கு என்ன வேணும்னாலும் சொல்லுவான். மெகிதோ இருக்கு. கிபியோன் இருக்கு. எருசலேம் கெடையாது. பிளேன் ஏறாமலே எனக்குத் தெரியும்."

காமினியின் முகம் விழுந்தது. புஷ்பவள்ளிக்கு அது இனித்தது. சொல்ல வேண்டியதில் பாதி இன்னும் அவள் வாயிலேயே இருந்தது. அந்தச் சுவரில் பல பெயர்கள் உடைந்தும் தேய்ந்தும் போனவை. எருசலேம் அவற்றில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அட்டவணையில் அவளே பென்சிலால் எழுதி வைத்தது. சொல்லலாம், அவசரமில்லை. இந்த முகம் இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்.

"அப்ப சீஷாக் வரவே இல்லையா?" என்றார் குணாளன். "வேதம் பொய்யாக்கா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"புஸ்தகத்துல இருக்கு. செவுத்துல இல்லேங்கறீங்க. வேற என்னலா அர்த்தம்?"

நாற்காலிகள் நகர்ந்தன. பின்வரிசையில் ஒருத்தி வேதத்தை மூடிப் பைக்குள் வைத்தாள். காமினி மட்டும் கைபேசியை வாங்கிப் படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க கல்லு பேந்து போயிருக்கு. இங்கயும். இதுல எல்லாம் பேரு இருந்திருக்கும்ல? எருசலேம் இதுல ஒண்ணா இருக்கலாம். இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாது."

"அப்படிச் சொல்லு!" குணாளன் தொடையில் தட்டினார். "படிச்ச பிள்ளைன்னா இதான். தன் தப்பையும் ஒத்துக்கிச்சு, நம்ம உசுரையும் காப்பாத்திருச்சு. அக்கா நம்மள செங்கடல்ல பாதியில விட்டுட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் அதைத்தான் சொல்ல வந்தேன் என்று இனிச் சொன்னால் யார் நம்புவார்கள்? அட்டவணையை விரித்தால் பென்சில் வரி இருக்கிறது. ரப்பர் பட்டையில் விரலை நுழைத்தாள். விரித்தால் அடுத்த கேள்வி வரும்: தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? விரலை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லலேன்னா நான் ஊரெல்லாம் தப்பாவே சொல்லிட்டு இருந்திருப்பேன்க்கா," என்று காமினி அவள் கையைப் பிடித்தாள். அந்தக் கை சூடாக இருந்தது. அதையும் புஷ்பவள்ளியால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை ஒன்பதுக்குத் தொடங்கியது. அறிவிப்பு நேரத்தில், முந்தின நாள் வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த பாஸ்டர், அடுத்த சனிக்கிழமை சகோதரி காமினி எகிப்துப் படங்களைத் திரையில் காட்டுவார், அதன்பின் வகுப்பையும் அவரே எடுப்பார், இத்தனை வருஷம் உழைத்த சகோதரி புஷ்பவள்ளிக்கு நன்றி என்றார். கை தட்டினார்கள். அன்று கோப்பி முறை புஷ்பவள்ளியுடையது. அறுபது குவளை கழுவினாள். காமினி துடைத்து அடுக்கினாள். பதினொன்றரைக்கு மழை வந்தது. விட்டதும் பஸ் ஏறி வீட்டுக்குப் போய் மீன் பொரித்தாள்.