பந்தலின் நியூட்ரல் வயர்

அந்த விளக்கு அலங்காரத்தைச் செய்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணபதி விழா நடந்த அந்தப் பத்து நாளிலும் அதற்குப் பிறகும் வேறு யாரும் இதைச் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் புனே பக்கம் பிம்ப்ரியில் ஒரு குடியிருப்பில் இருந்தோம். என் கணவருக்கு வங்கியில் வேலை. நான் கன்ட்ரோல் பேனல் செய்யும் ஆலை ஒன்றில் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். என் கையெழுத்து விழாமல் அங்கிருந்து ஒரு பெட்டியும் லாரி ஏறாது. குடியிருப்பில் பாதிப்பேர் நான் அங்கே டைப் அடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் குடியிருப்பில் விழா நடத்தும் கணபதி மண்டலுக்குச் செயலாளர் ஒரு ஓய்வுபெற்ற சூப்பர்வைசர். அந்த வருஷம் அவருக்குக் கம்ப்யூட்டர் லைட்டிங் ஆசை வந்துவிட்டது. பந்தல் முகப்பில் ஒரு சக்கரம் சுழல வேண்டும், ஒரு அருவி கொட்ட வேண்டும், ஒரு யானை தும்பிக்கையைத் தூக்கி மாலை போட வேண்டும். எல்லாம் பல்பிலேயே. அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, வங்கியில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று என் கணவரிடம் கேட்டார். கணவர் என்னைக் காட்டினார். செயலாளர் சிரித்தார். நான் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, தனக்கு என்னென்ன வேண்டும் என்பதையெல்லாம் என் கணவரிடமே விளக்கிவிட்டுப் போனார்.

ஆலையில் ஒதுக்கிப்போட்டிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அனுமதி கேட்டு வாங்கி வந்தேன். பதினாறு ரிலே வைத்து ஒரு போர்டு செய்தேன். பிரிண்டருக்குப் போகிற கேபிளை அந்தப் போர்டுக்குக் கொடுத்தேன். எந்த ரிலே எப்போது போட வேண்டும், எப்போது அணைக்க வேண்டும் என்று ஒரு புரோகிராம் எழுதினேன். மூன்று வாரம், வேலை முடிந்து வந்து சமைத்து முடித்த பிறகு கிடைத்த நேரத்தில் செய்தது. பல்பும் வயரும் இரும்புச் சட்டமும் மண்டலின் லைட்டிங் கான்ட்ராக்டர் பொறுப்பு. பல்புகள் அதிகம் என்பதால் அவர் லோடை இரண்டாகப் பிரித்து, சக்கரத்தை ஒரு ஃபேஸிலும் அருவியையும் யானையையும் இன்னொரு ஃபேஸிலும் போட்டார். கரண்ட் வருவதற்கு இரண்டு வயர், திரும்பிப் போவதற்கு இரண்டுக்கும் பொதுவாக ஒரே நியூட்ரல் வயர். அது தவறில்லை. அந்த ஒரு வயர் நன்றாக இருக்கும்வரை.

முதல் நாள் எல்லாம் அழகாக ஓடியது. யானை மாலை போட்டபோது கூட்டம் கை தட்டியது. செயலாளர் என் கணவரின் தோளில் தட்டினார்.

இரண்டாம் நாள் மாலை நான் வேலையிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரிந்தது, சக்கரம் சரியில்லை. எல்லா விளக்கும் சேர்ந்து எரியும்போது ஒன்றும் தெரியவில்லை. சக்கரம் மட்டும் தனியாகச் சுழல வேண்டிய நேரத்தில் பல்புகள் அழுக்கு மஞ்சளாக மங்கின. சக்கரத்தோடு சேர்ந்து யானை தும்பிக்கை தூக்கும்போது தும்பிக்கை பல்புகள் கண்ணைக் கூசும்படி எரிந்து, ஒவ்வொன்றாக ஃப்யூஸ் போயின.

கமிட்டி ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டிருந்தது. கம்ப்யூட்டரில் வைரஸ். அந்தக் காலத்தில் எல்லோரும் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்த சொல் அது. கம்ப்யூட்டர் விளக்கைப் போடும், அணைக்கும், மங்கவைக்க அதனால் முடியாது என்று சொன்னேன். ரிலே என்பது வீட்டு சுவிட்ச் மாதிரிதான், அதில் பாதி என்று ஒன்று கிடையாது. நான் மராத்தியில்தான் சொன்னேன், தெளிவாகத்தான் சொன்னேன். செயலாளர் கேட்டு முடித்துவிட்டு என் கணவரைப் பார்த்து, வஹினிக்கு ஒருவேளை புரோகிராம் சரியாக நினைவில்லையோ என்று கேட்டார். வஹினி என்றால் அண்ணி. அந்த மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

மறுநாள் விடுப்புப் போட்டேன். காலையில் போர்டிலிருந்து பந்தல் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு, பதினாறு சின்ன பல்புகளை நேராகப் போர்டிலேயே மாட்டி, வீட்டு பிளக்கிலிருந்து கரண்ட் கொடுத்து இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். ஒரு பல்பும் ஒரு தரம்கூடத் தடுமாறவில்லை. கமிட்டியில் இருவரை அழைத்துக் காட்டினேன். பார்த்தார்கள். சின்ன பல்பு வேறு, பெரிய பல்பு வேறு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பந்தலுக்குப் பின்னால் இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து காட்டும்படி கான்ட்ராக்டரிடம் கேட்டேன். இருபது வருஷமாக லைட்டிங் செய்கிறேன், நீங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சாவி அவரிடம் இருந்தது.

அன்று மாலை என் கணவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். எதையோ கேட்க வந்து கேட்க முடியாமல் தண்ணீர் குடித்தார்.

"கமிட்டியில பெரியவர் ஒருத்தர் கேக்கச் சொன்னாராம். நீ போர்டைத் தொட்டப்போ... வீட்டுக்குத் தூரமா இருந்தியான்னு."

நான் திரும்பவில்லை. கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

அந்தப் பெரியவர் மேல் வந்ததைவிட இவர் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். பதினாறு ரிலேயை ஒவ்வொன்றாகச் சால்டர் வைத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்.

அதற்கடுத்த நாள் மதியம் நல்ல மழை. மாலையில் பார்த்தால் சக்கரம் கிட்டத்தட்டச் சரியாக எரிந்தது. கணபதியே சரி செய்துவிட்டார் என்று செயலாளர் மைக்கில் சொன்னார். நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்று அதைக் கேட்டேன். மறுநாள் வெயில் அடித்தது, தரை காய்ந்தது, சக்கரம் பழையபடி மங்கியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கம்ப்யூட்டருக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான். தரை ஈரமானால் பல்பு நன்றாக எரிகிறது என்றால் கரண்ட் தரை வழியாகத் திரும்பிப் போகிறது என்று அர்த்தம். நியூட்ரல் வயர் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது, அதனால்தான் ஒரு பக்கம் மங்கி இன்னொரு பக்கம் கூசுகிறது. யாரோ அதை இரும்புச் சட்டத்தில் கட்டியிருக்கிறார்கள். சட்டத்தின் கால்கள் மண்ணில் நிற்கின்றன. குழந்தைகள் அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டுதான் யானையை வேடிக்கை பார்க்கிறார்கள்.

வீட்டுக்கு ஓடி மல்டிமீட்டரை எடுத்து வந்தேன். ஒரு முனையைச் சட்டத்தில் வைத்தேன், இன்னொன்றைப் பந்தலை விட்டுத் தள்ளியிருந்த குழாயின் இரும்பில் வைத்தேன். சக்கரம் தனியாகச் சுழலும் முறை வந்தது. முள் நூறைத் தாண்டிப் போய் நின்றது. பக்கத்தில் நின்றிருந்த கீழ்வீட்டு அம்மா, முந்தைய நாள் ஆரத்தித் தட்டோடு நிற்கும்போது சட்டத்தில் பட்டுத் தன் கை சுண்டியது என்றார். கமிட்டியிடம் சொன்னதற்கு, விரதம் இருந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டார்களாம்.

மாலை ஆரத்திக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. நான் பந்தலுக்குப் பின்னால் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு அதன் முன்னாலேயே நின்றுகொண்டேன்.

விளக்கு மட்டுமில்லை, பாட்டும் நின்றது. செயலாளரும் கான்ட்ராக்டரும் இன்னும் நாலைந்து பேரும் வந்தார்கள். ஆரத்தி நேரத்தில் விளக்கை அணைப்பது அபசகுனம் என்றார் ஒருவர். என் கணவரைக் கூப்பிடச் சொன்னார் இன்னொருவர். நான் சட்டத்தில் கரண்ட் இருக்கிறது என்றேன். கான்ட்ராக்டர், அதெல்லாம் ஒன்றுமில்லை, பெண்கள் பயப்படுவார்கள் என்றார்.

"சரி. நான் சுவிட்சைப் போடறேன். சக்கரம் சுத்தறப்போ நீங்க செருப்பைக் கழட்டிட்டு அந்தச் சட்டத்தோட காலைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. பத்து எண்ணற வரைக்கும் நின்னா போதும். நான் வீட்டுக்குப் போயிடறேன்."

இதை நான் இந்தியில் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். கான்ட்ராக்டர் செருப்பைக் கழற்றவில்லை. செயலாளர் அவர் முகத்தைப் பார்த்தார். அந்த ஐந்து நாளில் அவர் என் கணவரைத் தேடாமல் நின்றது அப்போதுதான்.

சாவி வந்தது. பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே நியூட்ரல் வயர் முனை கருகித் தனியாகத் தொங்கியது. லோடுக்குப் போதாத மெல்லிய வயர், திருகாணியும் சரியாக முறுக்கப்படவில்லை. பந்தல் பக்கம் போகிற நியூட்ரலிலிருந்து இன்னொரு துண்டு வயர் புறப்பட்டு, சட்டத்தின் காலில் இரண்டு சுற்றாகச் சுற்றப்பட்டிருந்தது. இரண்டாம் நாள் விளக்கு நின்றபோது தன் ஆள் ஒருவன் ஏதோ செய்து எரியவைத்தான் என்று கான்ட்ராக்டர் மெதுவாகச் சொன்னார். அது அவருக்கு இரண்டாம் நாளே தெரியும். தெரிந்தேதான் என் கம்ப்யூட்டரைக் கை காட்டினார்.

தடித்த வயர் போட்டு, சட்டத்துக்குத் தனியாக எர்த் அடித்து, நான் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் சுவிட்சைப் போடவிட்டேன். ஆரத்தி அன்று தாமதமாக நடந்தது. மிச்ச நாட்களில் சக்கரம் ஒரு தரமும் மங்கவில்லை.

சிலையைக் கரைக்கும் விசர்ஜனத்துக்கு முந்தின நாள் மேடையில் நன்றி சொன்னார்கள். கம்ப்யூட்டரில் ஏற்பட்ட சிறு கோளாறு சரிசெய்யப்பட்டது என்று செயலாளர் அறிவித்தார். கம்ப்யூட்டரில். பிறகு எங்கள் குடியிருப்புக்கு இந்தப் புதுமையைக் கொண்டுவந்த சாஹேப் என்று என் கணவரை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தித் தேங்காய் கொடுத்தார்கள். கான்ட்ராக்டருக்கும் சால்வை. நான் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் மேடையில் என்னைத் தேடினார், கண்டார், மைக்கைப் பார்த்தார். பிறகு கை கூப்பிவிட்டு இறங்கிவிட்டார்.

வீட்டில் அவர் சால்வையை என் தோளில் போட வந்தார். வேண்டாம் என்றேன். கூப்பிட்டுவிட்டார்கள், நான் என்ன செய்ய முடியும் என்றார். மைக் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது என்றேன்.

அடுத்த வருஷம் பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது செயலாளர் வந்தார். இந்த முறை தேர் ஓட வேண்டும், மயில் தோகை விரிக்க வேண்டும். வழக்கம்போல என் கணவரிடம் ஆரம்பித்தார். என் கணவர் அவரை நிறுத்தினார்.

"அவங்ககிட்ட கேளுங்க. எனக்கு வீட்ல பல்பு மாத்தவே வராது."

நான் இரண்டு நிபந்தனை சொன்னேன். ஜங்ஷன் பாக்ஸ் சாவி என்னிடம் இருக்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் செய்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருக்க வேண்டும். கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. அந்த வருஷம் கடையில் விற்கும் ரெடிமேட் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினார்கள். விளக்குகள் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தன.

என் கணவர் அன்று அப்படிச் சொன்னாரே, அது போதாதா என்று என் தங்கை கேட்டாள். போதாது. அவர் சொன்னது எங்கள் வீட்டுக் கூடத்தில், மூன்று பேர் இருந்த இடத்தில். சொல்ல வேண்டிய இடம் மேடை. அங்கே முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களில் பாதிப்பேராவது அந்தச் சட்டத்தின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்.