மேலே மட்டும் இறுகிய மண்

மலாயா விடுதலை பெற்ற மெர்டேக்காவுக்கு மறு வருடம், மலாக்கா காஜா பெராங்கில் சாலை வேலைக்கு ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் நான்தான். சாலையின் குறுக்கே ஆளுயரக் குழி தோண்டிக் குழாய் பதித்தோம். மழைக்கு முன் முடித்துவிடும் அவசரத்தில், மண் முழுவதையும் ஒரே தடவையில் கொட்டி, மேலே மட்டும் இடித்து இறுக்கச் சொன்னேன்.

மண் சுமக்கும் பார்வதி தயங்கினாள். "மண்டோரு, மேலதான் கெட்டியா இருக்கு. அடியில பொலபொலன்னு கெடக்கு."

"ரோலர் ஏறுனா எல்லாம் இறுகிடும். நீ தண்ணி தெளி," என்றேன்.

ரோலர் அந்த இடத்தில் ஏறியதும் ஒரு பக்கம் மண்ணுக்குள் இறங்கியது. வண்டி பார்வதி நின்ற பக்கமாகச் சாய்ந்தது. அவள் அசையாமல் நின்றுவிட்டாள்.

"பின்னால சாக்கடையில குதி," என்று கத்தினேன்.

அவள் குதித்தாள். அவள் நின்ற இடத்திலேயே ரோலர் சரிந்து விழுந்தது. ஓட்டுநர் மறுபக்கம் தாவித் தப்பினார்.

சாக்கடையிலிருந்து அவளைத் தூக்கிவிட்டேன். "சொன்னப்பவே கேட்டிருக்கலாமே மண்டோரு," என்றாள்.

அன்று முதல் ஒரு தடவைக்கு அரை அடிக்கு மேல் மண் கொட்டுவதில்லை. ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து, இடித்த பிறகே அடுத்தது. பார்வதி வந்து பார்த்துத் தலையாட்டாமல் ரோலரை நகரவிடுவதும் இல்லை.