கப்பலில் இல்லாத சித்தப்பா

எங்கள் பல் கிளினிக்கின் ரிசப்ஷனில் இருப்பவரை, டாக்டர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான் அங்கே நர்ஸ். எந்த ஊர்க்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாலும் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசி அக்கா உட்கார வைத்துவிடுவார். கணவர் கப்பலில் வேலை பார்ப்பதாகச் சொல்வார். யாராவது விசாரித்தால், "இந்தத் தடவையும் லீவு கிடைக்கலையாம்" என்று சிரிப்பார். நாங்களும் நம்பினோம்.

அவருடைய உடன்பிறந்த அக்காவின் மகள் காலேஜ் முடித்துவிட்டு, விமான நிலையக் கவுண்ட்டர் வேலைக்காக ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்திருந்தாள். வீட்டில் அவளைக் குட்டி என்பார்கள். இலக்கணம் எல்லாம் மனப்பாடம். வாயைத் திறந்தால் மட்டும் காற்றுதான் வரும். பேசிப் பழகத் தினமும் கிளினிக் மூடும் நேரத்துக்குச் சித்தியிடம் வந்துவிடுவாள். புத்தகம் கிடையாது, பாடம் கிடையாது. அக்கா மேஜையைத் துடைத்துக்கொண்டே ஏதாவது கேட்பார், அவள் பதில் சொல்ல வேண்டும். தமிழ் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

அம்மா தினமும் உயிரை வாங்குகிறாள் என்பதை ஒருநாள் அவள் அப்படியே இங்கிலீஷாக்கி, "மை மதர் இஸ் பையிங் மை லைஃப்" என்றாள். "ஹௌ மச்?" என்று அக்கா கேட்க, கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து அவளுக்குக் கூச்சம் விட்டது.

பேச விஷயம் தீர்ந்துபோன ஒரு சாயங்காலம், சித்தப்பாவின் கப்பல் இப்போது எங்கே இருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் அன்றைக்குச் சீக்கிரம் கிளம்பியிருந்தேன். அக்கா பின்னால் சொல்லித்தான் தெரியும். அந்தக் கேள்விக்குத் தமிழில் அவரிடம் பழகிப்போன பதில் இருந்தது. இங்கிலீஷில் இல்லை. "அவர் கப்பலில் இல்லை" என்று வாயில் வந்துவிட்டது. பிறகு நிறுத்த முடியவில்லை. கணவர் நாலு வருஷமாக இதே ஊரில், வேறொருத்தியோடு குடித்தனம். கடைத்தெருவில் எதிரே வந்தால் இருவரும் தெரியாதவர்கள் மாதிரிக் கடந்துபோவார்கள்.

"தமிழ்ல சொல்லியிருந்தா உடைஞ்சு அழுதிருப்பேன்," என்றார் என்னிடம். "இங்கிலீஷ்ல அது யாரோ ஒருத்தி கதை மாதிரி இருந்துச்சு. அதான் சொல்லிட்டேன்."

யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அன்றைக்கே குட்டியிடம் சொன்னார். குட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள்.

சில வாரம் கழித்து, பயிற்சி மையம் தன் பிள்ளைகளின் பேச்சுகளை இணையத்தில் வீடியோவாகப் போட்டது. அதில் குட்டி பேசுவதைப் பார்த்ததும் அக்காவுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்து, நான்தான் போனை நீட்டினேன். 'என் வாழ்க்கையில் நான் பார்த்த தைரியசாலி' என்பது தலைப்பு. கணவன் விட்டுப் போனதை ஊருக்கு மறைத்து, கப்பல் என்று கதை சொல்லிக்கொண்டு தினமும் சிரித்தபடி வேலைக்குப் போகும் தன் சித்தியைப் பற்றித் தடுமாறாமல் பேசினாள். கீழே தமிழிலும் எழுத்து ஓடியது. அக்கா முடியும்வரை பார்த்தார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, காத்திருந்த நோயாளியை உள்ளே அனுப்பினார்.

அதற்குள் சொந்தக்காரர்கள் எல்லாருடைய போனிலும் அது சுற்றிவிட்டது. சாயங்காலம் குட்டியின் அம்மா வந்தார். "கூடப் பொறந்தவ நான் இருக்கேன். எங்கிட்டச் சொல்லத் தோணல, அந்தச் சின்னதுகிட்டச் சொன்னியா?" என்று கேட்டுவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் போய்விட்டார்.

மறுநாள் குட்டி வந்தாள்.

"வீடியோவை எடுக்கச் சொல்லிட்டேன் சித்தி. உங்க பேரை எங்கேயும் சொல்லல. பெருமையாத்தானே பேசினேன்?"

"பெருமையாத்தான் பேசின. ஒரு தப்புகூட இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது. அக்கா எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவள் போகும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.

குட்டிக்கு அந்த வேலை கிடைத்தது. அக்காவுக்குப் போன் செய்வாள், அக்கா எடுப்பதில்லை. ஒருவகையில் நல்லதாகப் போயிற்று, இனிப் பொய் சொல்ல வேண்டாமே என்று டாக்டர் ஒருநாள் ஆறுதலாகச் சொன்னார். "அதை நான்தானே முடிவு பண்ணியிருக்கணும்?" என்று கேட்டார் அக்கா.

வேலையில் ஒரு குறையும் இல்லை. நோயாளிகளிடம் அதே சிரிப்பு. ஆனால் மத்தியானம் சாப்பிடும்போது வீட்டுக் கதையை நான் ஆரம்பித்தால் கேட்டுக்கொள்வார், தன் பங்குக்கு ஒன்றும் சொல்வதில்லை. லீவு நாள் எப்படிப் போனது என்று போன வாரம் கேட்டேன்.

"போச்சு" என்றார்.